சோலார் பேனலுக்கு அடியில் குடியேறும் பறவைகள்: பந்திங் தாமானில் கற்றது

மலேசியாவில் பந்திங் பக்கம் எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்புப் பகுதியில், சோலார் பேனல் ஏறாத தெரு இப்போது இல்லை. கரண்டு பில் குறைந்த சந்தோஷம் முதல் ஓரிரு வருடம் இருக்கும். அப்புறம் விடியற்காலையில் கூரைமேல் பொத்பொத்தென்று சத்தம், வாசலில் காய்ந்த புல், காரின் மேல் எச்சம் என்று ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும். செம்பனை எண்ணெய் ஆலையில் மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மின்சாரம் தெரிந்தவன் என்பதால் கூரையில் எது நடந்தாலும் அக்கம்பக்கத்தில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அப்படி ஏறி இறங்கிய கூரைகளில் நான் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். பறவையை விரட்டும் சாமான்களுக்குச் செலவழிக்கப் போகிறவர்கள் அதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் நல்லது.

பறவைக்குப் பேனல் மேல் எந்த ஆசையும் கிடையாது. அதற்கு வேண்டியது பேனலுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் அரைச் சாண் இடைவெளி. காற்றுப் போவதற்காகவும் சட்டம் பூட்டுவதற்காகவும் அந்த இடைவெளியை விட்டுத்தான் ஆகவேண்டும். மேலே மழை படாது, வெயில் படாது. பூனை நுழையாது, பருந்து பாயாது. மாடப்புறாவின் பூர்வீகம் மலைப்பாறை இடுக்கு. அதனால் மரத்தில் கூடு கட்டுவதை விட இப்படிப்பட்ட இடுக்கு அதற்கு ரொம்பப் பிடித்துப்போகிறது. மைனாவும் சிட்டுக்குருவியும் பொந்தில் கூடு வைக்கிற ஜாதி. நாம் பேனல் போட்ட அன்றைக்கே இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிடுகிறோம்.

இதற்கு மேல் நம்மைப் போன்ற தோட்டத்து ஊர்களுக்கென்று இன்னொரு காரணம் இருக்கிறது. செம்பனையை ஏறக்குறைய 25 வருடத்துக்கு ஒருமுறை சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். வயதான செம்பனையைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடிமரம் முழுக்க வெட்டிய மட்டையின் கட்டைகள், அவற்றின் சந்துகளில் பெரணிச் செடி, அதற்குள் பறவைக் கூடு. எங்கள் தாமானுக்குப் பின்னால் இருந்த மரங்களை இயந்திரம் வைத்துச் சாய்த்தபோது அங்கிருந்த மைனாக்கள் அப்படியே வீட்டுக் கூரைகளுக்கு வந்து சேர்ந்தன. புதுக் கன்று வளர்ந்து பறவை கூடு கட்டுகிற அளவுக்கு ஆவதற்குப் பல வருடங்கள் வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மறுநடவு நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டால் பேனல் ஓரத்தை அதற்கு முன்பே மூடிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கும் இங்கே பஞ்சமில்லை. செம்பனையில் உதிரும் பழத்தை மைனா கொத்தும், காக்கா தூக்கிக்கொண்டு போகும். மலாய்க்காரர்கள் பெர்லிங் என்று சொல்லும் சிவப்புக் கண் கொண்ட கரும்பச்சைப் பறவையும் கூட்டமாக வந்து தின்னும். இந்தப் பழம் தின்ற பறவையின் எச்சம் வெள்ளையாக இருக்காது, காவி நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். மழை பெய்தால் போய்விடும் என்று நினைத்து விட்டுவைத்தால் மறுநாள் வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்துவிடும். சில வீட்டுப் பேனல்களின் நடுவில் செம்பனைக் கொட்டையே கிடக்கும். அது காக்கா வேலை.

காக்காயைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்களில் இவ்வளவு பெருகிக் கிடக்கும் சாம்பல் கழுத்துக் காக்கா இந்த மண்ணின் பறவை அல்ல. 1890களில் கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டங்களில் புழுவை ஒழிக்க இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டவை. நம் முன்னோர்களும் கப்பலேறி வந்து காப்பிச் செடிக்கும் பின்னால் ரப்பருக்கும் உழைத்த காலம் அது. காப்பி போய், ரப்பர் போய், செம்பனை வந்துவிட்டது. காக்கா மட்டும் எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டு நிலைத்துவிட்டது. கிள்ளான் மாதிரி ஊர்களில் உள்ளூராட்சி மன்றமே ஆள் வைத்துக் காக்காயைச் சுட்டிருக்கிறது. அப்படியும் அது குறைந்தபாடில்லை. இவ்வளவு சாமர்த்தியமான பறவையைப் பளபளக்கும் காகிதத்தைக் கட்டிப் பயமுறுத்தலாம் என்று யாராவது சொன்னால் அவர்கள் அதைச் சரியாகப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

சரி, பறவை இருந்துவிட்டுப் போகட்டும், என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வரிசையிலேயே ஒரு தம்பி வீட்டில் 550 வாட் பேனல் எட்டு இருக்கின்றன. பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர், நல்ல வெயில் நாளில் 16 யூனிட் வரை காட்டிக்கொண்டிருந்தது, இப்போது 13க்கு மேல் ஏறவில்லை. "அங்கிள், வெயில் அப்படியேதான் அடிக்குது, யூனிட் மட்டும் ஏன் குறையுது?" என்று போனில் இருந்த வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். மேகம் வந்தால் கோடு இறங்கி ஏறும். இவருடைய வரைபடத்தில் கோடு நாள் முழுக்கத் தாழ்ந்தே இருந்தது. அப்படி இருந்தால் பேனலில் ஏதோ படிந்திருக்கிறது, அல்லது ஒயரில் ஏதோ கோளாறு.

ஏறிப் பார்த்தால் இரண்டுமே இருந்தன. கூரை ஓரத்தில் நிற்கும் டிவி டிஷ்ஷின் விளிம்பில் காக்கா வந்து உட்காரும். அதற்கு நேர் கீழே இருக்கும் பேனலில் ஒரே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எச்சம் படிந்து, மேல் மேல் விழுந்து, பொருக்காகிவிட்டது. வீட்டுப் பேனல்களை ஒன்றோடொன்று தொடராக இணைப்பார்கள். அதில் ஒரு செல் முழுக்க மறைந்தால் மற்ற செல்கள் தள்ளும் மின்னோட்டம் அந்தச் செல்லில் சூடாக மாறும். அந்தச் செல்லைக் காப்பாற்றத்தான், மின்னோட்டத்தை மாற்று வழியில் திருப்பிவிடும் பைபாஸ் டையோடு ஒவ்வொரு பேனலிலும் பொதுவாக மூன்று வைத்திருக்கிறார்கள். டையோடு வேலை செய்தால் அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி கழிந்துவிடும், செல் தப்பிக்கும். அப்படியே மாதக்கணக்கில் விட்டால் டையோடு போகலாம், செல் கருகிப் பழுப்புப் புள்ளி விழலாம், கண்ணாடியே விரிசல் விடலாம். தூசி எல்லா இடத்திலும் சீராகப் படிவதால் அவ்வளவு கெடுதல் செய்யாது. எச்சம் ஒரே இடத்தை முழுக்க மறைக்கிறது, அதுதான் ஆபத்து.

அடியில் இருந்தது அதைவிட மோசம். ஓரத்துப் பேனலின் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். செம்பனை மட்டை நார், ராஃபியா கயிறு, மெத்தைப் பஞ்சு, துணி காயப்போடும் கிளிப், யாரோ வெட்டிப்போட்ட தோரணத்தின் துண்டு என்று இரண்டு கை கொள்ளாத கூடு. கூட்டுக்குள் ஒயர் ஓடுகிறது. ஒயரைச் சட்டத்தோடு கட்டியிருந்த பிளாஸ்டிக் கட்டுகள் வெயிலில் நைந்து அறுந்து, பேனல் ஒயர்களை ஒன்றோடொன்று மாட்டும் எம்சி4 இணைப்பு இரண்டும் ஓட்டின் பள்ளத்தில், எச்சக் குழம்பில் கிடந்தன. மழை பெய்தால் அந்தப் பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடும், கூடு அதை அடைத்துக்கொண்டு நிற்கும். மழை பெய்த காலைகளில் இவர் வீட்டு இன்வெர்ட்டர் மின் கசிவுப் பிழை காட்டி நேரம் கழித்து ஓட ஆரம்பித்ததன் காரணம் அங்கே தெரிந்தது. காய்ந்த நாருக்குள் ஒயர் இணைப்பு தளர்ந்து ஒரு தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று ஆலையில் வேலை செய்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுச் சுவிட்சில் வரும் ஏசி மின்சாரத்தின் பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. பேனலிலிருந்து வரும் டிசி மின்சாரத்தின் பொறி பிடித்தால் விடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டோம், சுவிட்சை இறக்கிவிட்டோம், இனிப் பயமில்லை என்று யாரும் பேனலுக்கு அடியில் கை விடாதீர்கள். வெயில் இருக்கும்வரை பேனல் மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். எட்டுப் பேனல் தொடராக இருந்தால் 300 வோல்ட்டுக்கு மேல் ஒயரில் நிற்கும். ஒயர் உரிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இணைப்பைக் கழற்றுவதும் தகுதிச் சான்று வைத்திருக்கும் ஆளின் வேலை. கூட்டை எடுப்பதற்குக்கூட முதலில் அவரை வைத்து ஒயரைச் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

இனி, விரட்டும் சாமான்கள். எங்கள் வட்டாரத்தில் மக்கள் பணம் போட்டு வாங்கிய எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. பிளாஸ்டிக் ஆந்தையை ரொம்பப் பேர் நம்புகிறார்கள். நம் ஊர்ச் செம்பனைக் காட்டில் எலியைப் பிடிப்பதற்காகத் தோட்டக்காரர்கள் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து நிஜ ஆந்தையையே வளர்க்கிறார்கள். அந்தப் பெட்டியின் மேல் மைனா உட்கார்ந்து சிறகு கோதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆந்தை இராத்திரியில் எலி தேடும், மைனா பகலில் இரை தேடும். நிஜத்துக்கே அடங்காத பறவை பிளாஸ்டிக்குக்கு எப்படி அடங்கும்? முதல் வாரம் தயங்கும், அப்புறம் அதன் தலையிலேயே எச்சமிடும். பழைய சிடி தட்டு, மினுங்கும் நாடா, காற்றாடி எல்லாம் இதே கதைதான். ஓர் இடத்தில் அசையாமல் இருக்கும் எதற்கும், ஒரே மாதிரி அசையும் எதற்கும் பறவை பழகிவிடும். முட்டையோ குஞ்சோ உள்ளே இருந்தால் பயமே போய்விடும்.

மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பிப் பறவையைத் துரத்தும் கருவி என்று ஒன்று விற்கிறார்கள். நமக்குக் கேட்காத அவ்வளவு உயர்ந்த ஒலி பெரும்பாலான பறவைகளுக்கும் கேட்காது. கேட்கவே கேட்காத சத்தத்துக்கு அது ஏன் ஓட வேண்டும்? இதற்குக் காசு கொடுக்காதீர்கள். ஒட்டும் பசை தடவுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். நம் வெயிலில் அது உருகி ஓடும், தூசி படிந்து வீணாகும். அதற்குள் சிட்டுக்குருவி மாதிரிச் சின்னப் பறவை சிறகு ஒட்டித் துடித்துச் சாகும். விஷம் வைப்பது அதைவிடக் கொடுமை. அதைத் தின்ற பறவையைப் பூனையோ ஆந்தையோ தின்றால் அதுவும் போகும். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பல பறவைகளையும் அவற்றின் கூடு முட்டைகளையும் காக்கிறது. வந்திருப்பது என்ன பறவை என்று தெரியாவிட்டால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

ஊசிக் கம்பிகளை மட்டும் ஒரேயடியாக ஒதுக்கமாட்டேன். டிஷ்ஷின் விளிம்பு, கூரை முகடு மாதிரிப் பறவை உட்காரும் இடத்தில் அவை உதவும். பேனலின் மேல் சட்டத்தில் வைத்தால் நிழல் விழும், ஆகவே அங்கே வேண்டாம். பேனலுக்கு அடியில் வைத்தால் மைனா அந்த ஊசிகளையே பிடிமானமாக வைத்துக் கூடு கட்டும். அந்தத் தம்பி வீட்டுக் காக்கா தொல்லைக்கு ஊசியே தேவைப்படவில்லை. பார்க்காமல் கிடந்த டிஷ்ஷைக் கழற்றிக் கீழே இறக்கினோம், அந்தப் பேனலில் எச்சம் விழுவது நின்றது. எதைச் செய்வதற்கு முன்னாலும் ஒரு சாயங்காலம் எதிர்ப்பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பறவை எங்கே வந்து இறங்குகிறது, எங்கே நுழைகிறது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதி, இடத்தை மூடுவது. பேனல் வரிசையின் நாலு பக்கமும் கம்பி வலை போட்டு அந்த இடைவெளியை அடைத்துவிட வேண்டும். இத்தனை வருடத்தில் நிலைத்து வேலை செய்த ஒரே வழி இதுதான். ஆனால் வலை என்று சொல்லி எதையாவது மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

வலைக் கண் அரை அங்குலம் இருக்கட்டும். ஓர் அங்குலக் கண் புறாவைத் தடுக்கும், மற்றச் சின்ன உயிர்களை நம்பி விடமுடியாது. அரை அங்குலம் என்றால் சிட்டுக்குருவிக்கும் வழியில்லை, எலிக்கும் கஷ்டம். துத்தநாகம் பூசிய கம்பியின் மேல் பிவிசி உறை போட்ட வலையாகப் பார்த்து வாங்குங்கள். மோரிப் கடற்காற்று எங்கள் பக்கம் வரை வருகிறது. ஹார்ட்வேர் கடையில் கோழிக்கூண்டுக்கு விற்கும் வெறும் கம்பி வலை சீக்கிரமே துருப்பிடிக்கும், துருத் தண்ணீர் ஓட்டில் கோடு போடும், இரும்பு நேராக அலுமினியச் சட்டத்தைத் தொட்டால் சட்டமும் அரிக்கும். நைலான் வலையை எலி கடித்துவிடும், வெயிலும் தின்றுவிடும். சிலர் பலகையும் ஃபோமும் வைத்து அடைக்கிறார்கள். அது கூடவே கூடாது. பேனலுக்கு அடியில் காற்று ஓட வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் பேனலின் உற்பத்தி ஏறக்குறைய 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். நம் மத்தியான வெயிலில் பேனல் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அதன் மூச்சையும் அடைத்துவிட்டால் பறவையால் வந்த நஷ்டத்தை நாமே செய்த மாதிரி ஆகிவிடும்.

வலையைப் பேனல் சட்டத்தில் மாட்டுவதற்கென்றே கொக்கி மாதிரியான கிளிப் இருக்கிறது. சட்டத்தின் அடி உதட்டில் அதைக் கவ்வ வைத்து, வலைக்கு வெளியே வட்டத் தகட்டை அழுத்தி இறுக்க வேண்டும். ஒரு முழத்துக்கு ஒன்று வரும்படி போட்டால் வலை தளராது. சட்டத்தில் ஓட்டை போட்டுத் திருகாணி அடிக்க யாரையும் விடாதீர்கள். ஓட்டை போட்ட பேனலுக்கு உத்தரவாதம் கேட்டுப் போனால் மறுத்துவிடுவார்கள். பேனல் போட்ட கம்பெனியிடம் வலை போடுவதாக முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலும் வளைந்த சிமென்ட் ஓடு. இங்கேதான் வேலை கெட்டுப்போகிறது. வலையை நேராக வெட்டி நிறுத்தினால் ஓட்டின் மேட்டில் முட்டும், பள்ளத்தில் இடைவெளி விடும். அந்தப் பள்ளம் வழியாக மைனா ஒருக்களித்து நுழைவதை நின்று பார்த்திருக்கிறேன். இடைவெளியின் உயரத்தை விட இரண்டு அங்குலம் கூடுதலாக வலையை வெட்டி, அடிப்பக்கத்தை வெளிப்பக்கமாக மடக்கி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் விரலால் அழுத்தி வளைத்து உட்கார வைக்க வேண்டும். மூலைகளில் இரண்டு வலையும் நாலு விரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவர வேண்டும். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், நேரம் பிடிக்கும். இரண்டு பேரிடம் விலை கேட்டால் ஒருவர் பாதி விலை சொல்வார். அவரிடம் ஓட்டுப் பள்ளத்தை எப்படி மூடுவீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பதிலிலேயே வேலை தெரிந்துவிடும்.

வலை போடும் முன்னால் உள்ளே உயிர் எதுவும் இருக்கக் கூடாது. இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்கிறேன். ஒரு வீட்டில் அவசரமாக வலை போட்டுவிட்டுப் போனார்கள். தாய்ப்புறா இரண்டு நாள் வலையை முட்டிக்கொண்டே இருந்தது, உள்ளே குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் சத்தம் நின்றது, வீட்டுக்குள் நாற்றம் வந்தது. அதற்குப் பின்னால் சின்னச் சின்ன உண்ணிகள் கூரையிலிருந்து அறைக்குள் இறங்கிப் பிள்ளைகளைக் கடித்தன. கூட்டில் உயிர் இல்லாமல் போனால் பறவை உண்ணி இரத்தம் தேடி வீட்டுக்குள்தான் வரும். புறா இரண்டு முட்டை இடும், 18 நாளில் குஞ்சு பொரியும், குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம் போல ஆகும். நம் சீதோஷ்ணத்தில் வருடம் முழுக்க இடும் என்பதால் ஒரு குஞ்சு பறந்த கையோடு அடுத்த முட்டை வருவதற்குள் மூட வேண்டும். ஒன்றரை மாதம் பொறுத்தால் பாவமும் இல்லை, நாற்றமும் இல்லை.

கூட்டை எடுக்கும்போது காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் தள்ளாதீர்கள். புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் மாதிரியான பூஞ்சை வளரும். தூசியோடு மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மூளை உறை வரை போய்விடும். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, ஊறியதும் அள்ளிப் பையில் கட்டிப் போடுங்கள். ஒயர் இருக்கும் இடத்தில் தண்ணீரை ஊற்றாமல் தெளிப்பானால் மட்டும் நனைக்க வேண்டும். அள்ளி முடித்ததும் தொங்கும் ஒயர்களையெல்லாம் வெயில் தாங்கும் கட்டு அல்லது எஃகு கிளிப் போட்டு, இணைப்புகள் ஓட்டைத் தொடாதபடி சட்டத்தோடு தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். வலை மூடிவிட்டால் மறுபடி அங்கே கை போகாது.

பேனலின் மேல் கண்ணாடியைக் கழுவ ஏற்ற நேரம் விடியற்காலை. மத்தியானம் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விழும் ஆபத்து உண்டு. பொருக்காகிப்போன எச்சத்தின் மேல் ஈரத் துணியைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும். சுரண்டக் கூடாது, பாத்திரம் தேய்க்கும் நாரும் கூடாது. அழுத்தமாகப் பீய்ச்சும் மிஷினைச் சட்டத்தின் இடுக்கில் காட்டினால் தண்ணீர் உள்ளே புகும். நீளக் கழியில் கட்டிய மென்மையான தூரிகையும் வெறும் தண்ணீரும் போதும். கீழே நின்றுகொண்டே எட்டும் என்றால் கூரைக்கு ஏறவே வேண்டாம். பனியில் நனைந்த ஓடு வழுக்கும், பழைய ஓடு மிதித்தால் உடையும், பேனலை மிதித்தால் செல் நொறுங்கும். ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் இடுப்பில் கயிறு, கீழே ஏணியைப் பிடிக்க ஓர் ஆள். இடி இடிக்கிற சாயங்காலத்தில் நினைக்கவே வேண்டாம்.

எதிர்வீட்டு அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். அமாவாசை தவறாமல் காக்காவுக்குச் சோறு வைப்பார். அவர் சோறு வைத்த இடம் தன் வீட்டு முன்சுவர். அங்கிருந்து பக்கத்துக் கூரைப் பேனல் ஒரு தாவல்தான். பேனல்காரர் கோபமாகப் பேசிவிட்டார். அக்கா என்னிடம் வந்து, "காலங்காலமா வைக்கிறது தம்பி. செத்துப்போனவங்களுக்கு ஒரு பிடி சோறு கூட வைக்கக் கூடாதா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. வைக்கக் கூடாது என்று யார் சொல்ல முடியும்? எங்கள் வீட்டிலும் வைக்கிறோம். இடத்தை மட்டும் மாற்றினோம். தெருக்கோடியில் வீடுகளை விட்டுத் தள்ளி ஒரு மாமரம் இருக்கிறது. அங்கே சின்னத் திண்டு மாதிரிக் கட்டி, ஒரு கவளம் மட்டும் வைத்து, காக்கா தின்று முடித்ததும் இலையை எடுத்துவிடுவது என்று பேசி முடித்தோம். முன்பு தட்டு நிறைய வைத்ததில் மிச்சம் கிடந்துதான் புறாவும் மைனாவும் நாள் முழுக்க அங்கேயே சுற்றின. பேனல்காரரே அக்காவுக்குத் திண்டு கட்ட சிமென்ட் வாங்கிக் கொடுத்தார்.

கோயிலில் புறாவுக்குத் தானியம் போடுகிறவர்களிடமும் இதையே சொல்லிப் பார்க்கலாம். பத்துமலையில் பழகிய கண்ணுக்குப் புறாக்கூட்டம் இல்லாத கோயில் வெறிச்சென்றுதான் தெரியும். போடக் கூடாது என்று சண்டைக்குப் போவதில் பயனில்லை. காலையில் ஒரு வேளை, பத்து நிமிடத்தில் தின்று தீரும் அளவு, வீடுகள் இல்லாத பக்கமாக. எங்கள் கோயில் நிர்வாகத்தில் சிலர் ஒப்புக்கொண்டார்கள், சிலர் இன்னும் மூட்டையாகத்தான் கொட்டுகிறார்கள். பேசிக்கொண்டே இருக்கிறோம். தாமானில் குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, சாப்பாட்டுக்கடைக்குப் பின்னால் எச்சில் இலை கொட்டிக் கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். வலை போட்ட வீட்டிலிருந்து போன பறவை அடுத்த வீட்டுப் பேனலுக்குத்தான் போகும். ஒட்டிக்கட்டிய வரிசை வீடுகளில் நாலு பேர் சேர்ந்து ஒரே சமயத்தில் வலை போட்டால் கூலியும் குறையும், பறவை அங்கேயும் இங்கேயும் மாறிக்கொண்டிருப்பதும் நிற்கும்.

வீட்டில் மிஞ்சும் சோலார் மின்சாரத்தைப் பில்லில் கழித்துக்கொள்ள 2021இல் வந்த நெம் 3.0 திட்டத்தில் சேர்ந்த வீடுகள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அதில் பத்து வருடத்துக்கு, நாம் வெளியே அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு யூனிட் பில்லில் கழிகிறது. அந்தப் பத்து வருடத்துக்குள் பறவையால் போகும் யூனிட் முழு விலைக்குப் போகிறது.

இனிமேல் பேனல் போடப்போகிறவர்களுக்கு வேலை சுலபம். வலையைப் பேனல் ஏற்றும் அன்றைக்கே போடச் சொல்லுங்கள். கூடு இருக்காது, எச்சம் இருக்காது, சாரம் ஏற்கனவே நிற்கும், வேலையாட்கள் கூரையில் இருப்பார்கள். விலைப்பட்டியலில் வலையைத் தனி வரியாக எழுதி வாங்குங்கள்: என்ன கம்பி, எவ்வளவு கண், எத்தனை மீட்டர், சட்டத்தில் ஓட்டை போடுவதில்லை என்ற உறுதி. டிவி டிஷ்ஷையும் தண்ணீர்த் தொட்டிக் குழாயையும் பேனலுக்கு மேல் நீட்டாத இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் நாலு பக்கமும் வலை ஓட்டில் உட்கார்ந்திருப்பதைப் படமெடுத்துத் தரச் சொல்லி, அந்தப் படத்தைப் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.